பதினேழு சிவப்புப் பொட்டு

அந்த அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அண்ணாச்சியிடம் போய் ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயிண்ட் வேண்டும் என்று கேட்டேன். மில் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"எதுக்குலே? போர்டு எழுதப் போறியா?"

"இல்ல அண்ணாச்சி. மில்லுல எங்கெங்க ஆபத்து இருக்கோ அங்கெல்லாம் ஒரு பொட்டு வைக்கப் போறேன்."

"நம்ம மில்லுலயா?" என்றார், மில்லை முதல்முறை பார்ப்பவர் மாதிரி சுற்றிலும் பார்த்துக்கொண்டே. பிறகு லாரியின் பின்கதவுக்கு அடித்தது போக மிச்சமிருந்த டப்பாவைக் காலால் தள்ளிவிட்டார். "வை. செவுத்துல மட்டும் சிந்தாத."

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் அது. திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் போகும் ரோட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் மில். டவுனிலிருந்து சைக்கிளில் வருவேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்திருந்தேன். அப்பா ராதாபுரம் தாலுகா ஆபீசுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே "சர்வீஸ் கமிஷனுக்குப் பாரம் போட்டியா?" என்பார். போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் படிக்க உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து என் முட்டியைப் பிடித்து அழுத்துவாள். மில்லில் யாரும் அழுத்தமாட்டார்கள். அங்கே எல்லாமே ஆடிக்கொண்டிருந்தது.

பொட்டு யோசனை கடைசி செமஸ்டரில் கேட்ட ஒரு வகுப்பிலிருந்து வந்தது. பாதிப் பேர் வராத மத்தியான வகுப்பு. வாத்தியார் கரும்பலகையில் ஒரு மனிதனைக் குச்சி குச்சியாக வரைந்து, அவனைச் சுற்றி அம்பு அம்பாகப் போட்டார். ஆளை அடிப்பது மிஷின் இல்லை, அதற்குள் இருக்கிற சக்தி. அது கரண்டாக வரலாம், சூடாக வரலாம், அழுத்தமாக, சுழற்சியாக, உயரத்தில் சும்மா இருக்கிற பாரமாகக்கூட வரலாம் என்றார். வேலைக்குப் போகும் இடத்தில் முதலில் அதை எண்ணுங்கள் என்றார். என்னை அது பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் போனால் பஸ்ஸில் எண்ணுவேன். வீட்டில் அம்மா குக்கர் வைத்தால் "அழுத்தம்" என்பேன். அம்மா "வாய மூடு, அதான் அழுத்தம்" என்பாள்.

மில்லில் இரண்டு நாள் நோட்டோடு சுற்றினேன். மெயின் சுவிட்ச் பலகை, பெரிய மோட்டார், தரைக்கடியில் குழியில் ஓடும் நீள ஷாப்ட், அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் ஏறும் பெல்ட்டுகள். பாய்லர். அதன் ஆவிக்குழாய் வளைகிற இடம். உமி எரியும் அடுப்பு வாய். நெல் ஊறும் வெந்நீர்த் தொட்டி. மதிலுக்கு வெளியே உமிச்சாம்பல் மேடு: மேலே கறுப்பாக, சாதுவாக இருக்கும், ஒரு சாணுக்குக் கீழே கங்கு. கூரை வரை அடுக்கிய மூட்டை. பாய்லர் தண்ணீரில் கலக்கும் மருந்து டப்பா. வாசல் சரிவில் பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த லாரியைக்கூட விடவில்லை. கல்லுக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டு ஒரு பொட்டு. மொத்தம் பதினேழு. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை என்று நோட்டின் கடைசியில் கோடு போட்டு முடித்தேன்.

முதலில் பார்த்தது டிரைவர். மில்லில் மிஷின் ஓட்டுகிறவரை டிரைவர் என்பார்கள். நாற்பது வயதிருக்கும், எப்போதும் தோளில் ஒரு எண்ணெய்த் துணி. சுவிட்ச் பலகையைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், பாய்லர் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"என்னவே இது, மில்லுக்கு அம்மை போட்டிருக்கா?"

மறுநாள் காலையில் வந்தால் ஒவ்வொரு பொட்டுக்கும் மேலே ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. பதினேழுக்கும். லாரிச் சக்கரத்துக்கும். களத்துப் பக்கமிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. யார் வேலை என்று கேட்கவே வேண்டாம்.

அந்த வேப்பிலைக்காரி களத்தில் நெல் காயப்போடும் பெண்களுக்குத் தலைவி மாதிரி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள், நான் அக்கா என்பேன். அவித்த நெல் ஆவி பறக்கக் களத்தில் விழுந்ததும், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாதத்தாலேயே நெல்லைக் கீறிச் சால் பிடித்துக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவாள். மற்றவர்கள் பாதிக் களம் தாண்டுவதற்குள் திரும்பி வந்திருப்பாள். பேச்சும் அதே வேகம்.

"தம்பி, ஆத்தா எப்ப எறங்குவா? தண்ணி ஊத்தணும்லா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் விடாமல் நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பொட்டுக்கும் காரணம் சொன்னேன். மற்றவர்கள் கலைந்து போய்விட்டார்கள். அவள் மட்டும் கையில் நெல் தள்ளும் பலகையைப் பிடித்தபடி நின்று முழுக்கக் கேட்டாள்.

"அந்தச் சாம்பலு சரி. போன வருசம் ஒரு கன்னுக்குட்டி கால வச்சுட்டு. லாரிக்கு எதுக்கு?"

"கல்லு நழுவிச்சுன்னா உருண்டு வரும்லா அக்கா? சும்மா நிக்கிற மாதிரித்தான் இருக்கும். அதோட எடைதான் ஆபத்து."

"அப்ப நிக்கிறதும் ஓடுறதுக்குச் சமானம்." கொஞ்சம் யோசித்தாள். "இவளுகளுக்கு நான் சொல்லுதேன். நீங்க சொன்னா ராத்திரிப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு."

சொன்னாள். ஒரே வாரத்தில் களத்துப் பெண்கள் வெந்நீர்த் தொட்டி ஓரமாக நடப்பதை விட்டுவிட்டார்கள். "ஏளா, பொட்டுப் பக்கம் போவாத!" என்று அவள் கத்துவது ஆபீஸ் அறை வரை கேட்கும். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பொட்டு இருக்கிற இடத்துக்குப் பயப்படக் கற்றுக்கொண்டவர்கள், பொட்டு இல்லாத இடத்தில் பயத்தை விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கார் நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. ஈர நெல் வண்டி வண்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு மில்லை ஒரு நாள் நிறுத்துவதே கசப்பு. இருந்தாலும் பூஜையில் குறை வைக்கமாட்டார். மில்லில் அதற்கென்று இரண்டு வழக்கம் உண்டு. வண்டிமாட்டுக்கு நுகத்தடி இறக்குகிற மாதிரி, அன்றைக்கு எல்லா பெல்ட்டையும் சக்கரத்திலிருந்து கழற்றிவிட வேண்டும். இன்னொன்று, மிஷினைப் பட்டினி போடக்கூடாது. சாதாரண நாளில் மில்லை நிறுத்துமுன் உள்ளே இருக்கிற நெல்லெல்லாம் ஓடித் தீர விடுவார்கள். பூஜைக்கு மட்டும் அப்படியில்லை, நெல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுவார்கள். சாமி கும்பிடுகிறபோது மிஷின் வயிறு நிறைந்திருக்க வேண்டும்.

நான் அன்றைக்குத் துள்ளிக்கொண்டிருந்தேன். மெயின் பலகையிலிருந்து மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வெள்ளைப் பீங்கான் கட்டைகள், நடந்தால் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. எனக்குத் தெரியாமல் யாராலும் சுவிட்ச் போட முடியாது. பாய்லர் முந்தின நாளே ஆறிவிட்டது. அடுப்பு அணைந்துவிட்டது. பதினேழு பொட்டையும் ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

எலிவேட்டருக்குப் பொட்டு கிடையாது. கூரை உயரத்துக்கு நிற்கும் தகரக் கூண்டு அது. உள்ளே மேலிருந்து கீழாக ஒரு நீளப் பெல்ட், அது நெடுக கையகலத் தகரக் கப்புகள். ஒரு பக்கத்துக் கப்புகள் நெல்லை அள்ளிக்கொண்டு ஏறும். உச்சியில் கொட்டிவிட்டு மறுபக்கம் காலியாக இறங்கும். உச்சியில், கூண்டுக்கு வெளியே, அதைச் சுற்றுகிற சக்கரம். ஆறு ஆரம் வைத்த இரும்புச் சக்கரம். கீழே ஷாப்டுக்கும் பெல்ட்டுக்கும் பொட்டு வைத்தாயிற்று, அங்கிருந்துதானே இதற்குச் சக்தி வருகிறது, அதை நிறுத்தினால் இதுவும் நின்றுவிடும் என்பது என் கணக்கு. நோட்டில் அப்படியே எழுதியும் இருந்தேன்.

டிரைவர் பெல்ட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார். அண்ணாச்சியும் அவர் வீட்டுக்காரம்மாவும் காரிலிருந்து பூசணிக்காயையும் பொரிகடலையையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். டேப்ரிக்கார்டரில் நாதஸ்வரம். அக்கா தலைக்குக் குளித்து, ஈர முடியை நுனியில் முடிந்துகொண்டு, சந்தனக் கிண்ணமும் பூக்கூடையுமாக வந்தாள். ஒவ்வொரு வருஷமும் மிஷினுக்குச் சந்தனம் வைப்பது அவள்தானாம்.

எலிவேட்டர் உச்சிக்கு மர ஏணி ஏறி ஒரு பலகைத் தட்டில் நின்றாள். கீழே நான்.

"தம்பி! கரண்டு?"

சட்டைப்பையைத் தட்டிக் காட்டினேன். "இங்கன இருக்கு! இப்ப இது வெறும் இரும்பு அக்கா, பயப்படாதீங்க."

"பொட்டும் இல்ல." சிரித்துக்கொண்டே சக்கரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "இங்க ஒரு கட்டை செருகிக் கெடக்கு தம்பி. எண்ணெய்ப் பிசுக்கு. மாலை போட வழியில்லாம இடிக்குது."

நான் அப்போது நோட்டில் எதையோ டிக் அடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எடுத்துப் போட்ருங்க அக்கா."

முதலில் ஒரு மரச்சத்தம். பிறகு கூண்டுக்குள் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல், மேலிருந்து கீழே. நிமிர்ந்தபோது சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பியூஸும் என் பையில். மில்லில் எங்கும் கரண்டு இல்லை. சக்கரம் தலைகீழாக, நான் எப்போதும் பார்த்திராத திசையில், சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அலறவில்லை. "அம்மா" என்று ஒரே ஒரு சத்தம், அதுவும் ஆச்சரியப்பட்ட மாதிரி. சந்தனக் கிண்ணம் என் காலடியில் வந்து விழுந்தது.

சக்கரம் தானாகவே நின்றது. நாங்கள் ஏறிப் பார்த்தபோது வலது கையை இடது கையால் மார்போடு பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஆரத்துக்கும் தாங்கு சட்டத்துக்கும் இடையில் விரல்கள் போய் வந்திருந்தன. மோதிரவிரலின் நுனி இல்லை.

அண்ணாச்சியின் காரிலேயே பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின்சீட்டில் அவளும் அவளோடு ஒரு பெண்ணும், முன்சீட்டில் நான். ஒவ்வொரு பள்ளத்திலும் பியூஸ் கட்டைகள் என் நெஞ்சில் இடித்தன. எப்படிச் சுற்றியது? எப்படிச் சுற்றும்? இப்போது எழுதும்போதுகூட ஒத்துக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது: ஆஸ்பத்திரி போய்ச் சேருகிறவரைக்கும், அந்தக் கொஞ்ச நேரம், நான் சாமியை நினைத்துப் பயந்தேன்.

திரும்பி வந்தபோது மில்லில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கரண்டு இல்லாம சுத்திருக்கு. கண்ணால பாத்தோம்லா," என்றாள் ஒருத்தி.

அண்ணாச்சியின் வீட்டுக்காரம்மா குரலைத் தாழ்த்தி இன்னொருத்தியிடம் கேட்டார். "அவ வீட்டுக்குத் தூரமா இருந்தாளா, என்னான்னு கேட்டீங்களா? தலைக்குக் குளிச்சிட்டு வந்திருக்கா. என்னத்துக்குக் குளிச்சா?"

நல்ல நாளுக்குத்தான் குளித்தாள். எல்லோரும்தான் குளித்திருந்தார்கள். டிரைவர் ஆற்றில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு அங்கேயே நின்றார். ஆனால் அந்தக் கேள்வி விழுந்த இடத்திலேயே பதில் மாதிரி நின்றுவிட்டது. தீட்டோடு மிஷினைத் தொட்டாள், மிஷின் திருப்பிக் கொடுத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அது முடிவாகிவிட்டது.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரிக்கு என்ன வேணுமோ நான் பாத்துக்கிடுதேன். ஆனா இனி அவ மில்லுக்குள்ள வரப்பிடாது. களத்துக்கும் வேண்டாம். பொம்பளைங்க அவளோட நின்னு வேலை பாக்க மாட்டோம்ங்காளுக. நீயே போய்ப் பதமாச் சொல்லிரு."

நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

மறுநாள் விஜயதசமி. அன்று காலையில் மில்லைத் தொடங்க வேண்டியது. பரிகாரம் செய்துவிட்டு மத்தியானம் தொடங்கலாம் என்று அண்ணாச்சி தள்ளி வைத்திருந்தார். நான் விடிந்ததும் சைக்கிளை எடுத்துவிட்டேன். கால் பெடலில் நிற்கவில்லை. மில்லுக்குள் யாரும் இல்லை. எலிவேட்டரைச் சுற்றி வந்தேன், மறுபடி சுற்றி வந்தேன். மூன்றாம் சுற்றில்தான் கண்ணில் பட்டது, கூண்டின் அடிவாயில் குவிந்து தரையில் வழிந்திருந்த நெல். முந்தின நாள் காலையில் அந்த இடத்தை நானே கூட்டச் சொல்லியிருந்தேன்.

அடிவாய்ப் பலகையைத் திறந்து கையை விட்டேன். நெல் நெருக்கிப் பிடித்திருந்தது. மேலே ஏறி, கூண்டின் சன்னலைத் திறந்து பார்த்தேன். ஏறும் பக்கத்துக் கப்புகள் காலி. இறங்கும் பக்கமும் காலி.

வயிறு நிறைய நெல்லோடு நிறுத்திய மிஷின். ஒரு பக்கத்துக் கப்பெல்லாம் நெல், மறுபக்கம் ஒன்றுமில்லை. ஒரு தட்டில் மட்டும் எடைக்கல் வைத்த தராசு. ஷாப்டிலிருந்து வரும் பெல்ட் மாட்டியிருக்கும்வரை கீழே ஷாப்டும் மோட்டாரும் அதைப் பிடித்து வைத்திருக்கும். பெல்ட்டைக் கழற்றினால் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. ஒரு கட்டையைத் தவிர.

கட்டை பலகைத் தட்டின் ஓரத்தில் கிடந்தது. முழ நீளம், ஒரு முனை ஆப்பு மாதிரி சீவியது. எத்தனையோ வருஷம் ஆரத்தில் அழுந்தி நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அதைக் கையில் எடுத்தபோதுதான் என் குரல் எனக்குக் கேட்டது: எடுத்துப் போட்ருங்க அக்கா. லாரிக்கு முட்டுக் கொடுத்த கல்லுக்குப் பக்கத்தில் மண்டியிட்டுப் பொட்டு வைத்தவன் நான்தான்.

டிரைவர் வந்தார். கட்டையோடு இறங்கி வருகிற என்னைப் பார்த்ததும் சைக்கிளை ஸ்டாண்ட் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இது நீங்க வச்சதா?"

"பின்ன யாரு வைப்பா? வருசா வருசம் பூசைக்கு வைக்கிறதுதான்."

"இது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். அப்ப நேத்து ஏன் சொல்லல?"

"என்னன்னு வே சொல்ல? கட்டைய எவ எடுத்தான்னு அடுத்த கேள்வி வரும். அதும் அவ தலையிலதான் விடியும்." எண்ணெய்த் துணியை உதறினார். "அதுக்கு முன்ன நீரும் கேக்கல. ரெண்டு நாளா நோட்டத் தூக்கிட்டு சுத்தினீரு. மோட்டாரக் கேட்டீரு, பாய்லரக் கேட்டீரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீரா?"

கேட்கவில்லை. கேட்டால் இரண்டு நாள் மூன்று நாளாகியிருக்கும். எனக்கு அவசரம்.

"கட்டைய எடுக்கச் சொன்னது அவ இல்ல அண்ணே. நான்."

டேப்ரிக்கார்டர் சத்தத்தில் நான் சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது. அவளுக்கும் எனக்கும்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டபோது அவள், "மிஷினுல பட்டுட்டு" என்று மட்டும்தான் சொன்னாள்.

"சொல்லப் போறீரா?"

"சொன்னா நம்புவாங்களா? சாமின்னுதான சொல்லுதாங்க. காட்டணும்."

மத்தியானம் அண்ணாச்சி, அவர் வீட்டுக்காரம்மா, பரிகாரத்துக்கு வந்த ஐயர், களத்துப் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். நான் மூன்று பியூஸையும் எடுத்து அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்தேன்.

"கையிலேயே வச்சுக்கிடுங்க. யார்ட்டயும் கொடுக்காதீங்க."

அவர்கள் வருமுன்பே டிரைவரும் நானும் பெல்ட்டையும் பியூஸையும் திரும்ப மாட்டி மில்லை ஐந்து நிமிஷம் ஓட்டி, எலிவேட்டரில் நெல் ஏறிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தியிருந்தோம். பூஜைக்கு நிறுத்துகிற அதே மாதிரி. டிரைவர் மேலே ஏறி ஆரத்தில் கட்டையைச் செருகினார். பெல்ட்டைத் தள்ளிக் கழற்றினார். கட்டையில் ஒரு கயிற்றைக் கட்டிக் கீழே விட்டுவிட்டு இறங்கி வந்தார். இறங்குமுன், நேற்று அவள் போட முடியாத மாலையை ஒரு ஆரத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"யாரும் தொடல. கரண்டும் இல்ல. பாத்துக்கிடுங்க." கயிற்றை இழுத்தேன்.

கட்டை தெறித்து வந்து தரையில் விழுந்தது. கூண்டுக்குள் அதே மழை. சக்கரம் தலைகீழாகச் சுற்றி மாலையை அறுத்துப் பூவை வீசியது. பெண்கள் பின்னால் ஒதுங்கினார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடிவாயிலிருந்து நெல் வழிந்து அண்ணாச்சியின் செருப்பு வரை வந்தது. அவர் உள்ளங்கையைத் திறந்து பியூஸ் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்தார்.

"நெல்லோட பாரம் அண்ணாச்சி. வேற ஒண்ணும் இல்ல. ஏறுன நெல்லு எறங்குது. அக்கா எங்கிட்டக் கேட்டுத்தான் கட்டைய எடுத்தாங்க. எடுக்கச் சொன்னவன் நான். அதுக்குப் பொட்டு வைக்காம விட்டதும் நான்தான்."

சக்கரம் மெதுவாகி நின்றது. வீட்டுக்காரம்மா கீழே குனிந்து ஒரு பிடி நெல்லை அள்ளி, விரல் வழியாக ஒழுகவிட்டுப் பார்த்தார்.

"நெல்லும் சாமிதான?" என்றார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். டிரைவர் என் முழங்கையைக் கிள்ளினார். அந்த அம்மா கையில் மிச்சமிருந்த நெல்லைக் கூண்டடியில் போட்டுவிட்டு, "அடுத்த வருசம் மரக்கால்ல நெல்லு நெறச்சு மிஷினுக்கு முன்னால வச்சாப் போதும். உள்ள வேண்டாம்," என்றார். பெண்கள் பக்கம் திரும்பாமலே, "அவளுக்கு விரலு ஆறட்டும். ஆறுனதும் வரச் சொல்லுங்க," என்றார்.

அண்ணாச்சி பியூஸை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. டிரைவரிடம் கொடுத்தார். "உன்னைய என்னலே செய்யிறது?" என்று என்னைக் கேட்டார். "இரு. ஆனா இனிமே எதையும் பாத்து வெறும் இரும்புன்னு சொல்லாத." வெறும் இரும்பு என்று நான் அவளிடம் சொன்னதை அவரிடம் யார் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளாகத்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் அவள் எல்லாவற்றையும் அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறாளா? அவர் முதல் நாளே தெரிந்துகொண்டுதான், அவளை வரவேண்டாம் என்று சொல்ல என்னைத் தலையாட்ட வைத்தாரா? இதைப் பல தடவை யோசித்திருக்கிறேன். கேட்க வாய் வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு, கொஞ்சம் மழை விட்டிருந்த ஒரு நாள் அவள் வந்தாள். வலது கையில் கட்டுக் குறுகி, மோதிரவிரல் கட்டையாக நின்றது. பலகையைப் பிடிக்க வரவில்லை. காலுக்கு என்ன வந்தது என்று களத்தில் இறங்கிச் சால் பிடித்தாள். கொஞ்சம் மெதுவாக. பெண்கள் அவளை நடுவில் விட்டு நடந்தார்கள். நான் ஆபீஸ் அறையில் ஒளிந்துகொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் அவளே வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நான்..."

"அது கெடக்கட்டும். எல்லாருக்கும் ஏதோ வேடிக்கை காட்டினீங்களாம்ல. அய்யருகூடப் பாத்தாராம். வெரலு குடுத்தவ நானு, எனக்குக் காட்டலியே?"

முந்தின நாள் மழையால் நெல் சரியாகக் காயவில்லை, மில் அன்றைக்கு அரை நாள்தான் ஓடியது. டிரைவர் ஒன்றும் கேட்காமல் எலிவேட்டரில் நெல்லை ஏற்றி நிறுத்தினார். பியூஸைப் பிடுங்கினார். கட்டை, பெல்ட், கயிறு. நான் கயிற்றை எடுக்கக் கை நீட்டினேன். அவள் முந்திக்கொண்டு இடது கையில் சுற்றிக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்க அக்கா, கட்டை தெறிக்கும்."

"ஏன், நீங்கதான் தள்ளி நில்லுங்களேன்."

இழுத்தாள். இரைச்சல் வந்தது. அவள் உடம்பு ஒரு தடவை தூக்கிவாரிப்போட்டது. கயிற்றை விடவில்லை. சக்கரம் நிற்கிறவரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு அடிவாயிலிருந்து வழிந்த நெல்லைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள், களத்தில் சால் பிடிக்கிற அதே தள்ளு.

"இம்புட்டு நெல்லு. அன்னைக்கு எறங்குனதும் நான் காயப்போட்ட நெல்லுதான."

நான் பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்திருந்தேன். மூடி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்தேன். ஏணியில் ஏறிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் சட்டத்தில் பதினெட்டாவது பொட்டை வைத்தேன். அவள் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி. இன்னும் எத்தன விட்டிருக்கீங்க?"

அந்தப் பலகைத் தட்டில் நின்றால் மில் முழுவதும் தெரியும். மூட்டை, தொட்டி, பாய்லர், குழாய், மழையில் நனைந்து புகைகிற சாம்பல் மேடு. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கால் ஏணியில் இறங்க ஆரம்பித்திருந்தது.

"அண்ணே," என்று டிரைவரைக் கூப்பிட்டேன், "வாசல்லருந்து வாங்க. நீங்க சொல்லச் சொல்ல நான் வைக்கேன்."

"நானு மட்டுமா?" என்றார் அவர், அவளைக் காட்டி.

அவள் டப்பாவை இடது கையில் வாங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வாசலுக்கு நடந்தாள்.